ஊளம்பாறை மதிலும் என் தம்பியும்

திருவனந்தபுரம் ஊளம்பாறை மனநல மருத்துவமனை 1870-இல், ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கியது. 1956 வரை எங்கள் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர்ப் பகுதியோடுதான் இருந்தது. எங்கள் ஊரில் யாராவது தடுமாறிப் பேசினால், "ஊளம்பாறைக்கு வண்டி ஏற்றவா?" என்பார்கள். மருத்துவமனையின் பெயரே வசவாகிவிட்டது.

1980களில் கவிஞர் சுகதகுமாரி உள்ளே சென்று கண்ட அவலத்தை நாடறியச் செய்தார். 1985-இல் 'அபயா' அமைப்பைத் தொடங்கினார். மனநோயாளிகள் கண்ணியமாக வாழும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உறுதி செய்தது.

ஆனால் அந்த வசவு என் தம்பிக்குள் இன்னும் இருக்கிறது. மருந்தால் அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. "நான் எதுக்கும் கொள்ளாதவன்லாக்கா" என்பது மட்டும் அடங்கவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு வரமாட்டான். ஆக்குப்புரையில் ஒதுங்கி நிற்பான். ஒருமுறை சமையல்காரர் அவியலுக்கு நறுக்கச் சொன்னார். முருங்கை, வழுதலங்காய், சேனை எல்லாம் ஒரே விரல் நீளம். "தம்பி, நாளைக்கும் வரணும்" என்றார் அவர். மறுநாள் எனக்கு முன்பே கிளம்பி நின்றான்.

மருந்தும் சட்டமும் அவசியம். அவற்றோடு, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுங்கள். அவன் செய்ததை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள்.