கிரெகோரியார் பெயரால் வழங்கும் இசை

கத்தோலிக்கத் திருச்சபையின் தொன்மையான இலத்தீன் வழிபாட்டிசையைக் 'கிரெகோரிய இசை' என்பர். பக்கவாத்தியமோ தாளக்கட்டோ இன்றிப் பலரும் ஒரே குரலாய்ப் பாடும் இசை அது. பரிசுத்த ஆவி புறா வடிவில் வந்து செவியில் ஓத, போப்பாண்டவர் முதலாம் கிரெகோரியார் (590–604) அதனை எழுதுவித்தார் என்பது மரபுவழிக் கதை. சுவிட்சர்லாந்து நாட்டுப் புனித கால் மடத்தில் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் உருவான ஏடொன்றில் இக்காட்சி ஓவியமாகவே உள்ளது. கதை இனியது; ஆயின் வரலாறு வேறொன்று கூறுகிறது.

முதற்கண் சொல்லைக் காண்போம். இப்பாடல்களின் சொற்களுள் பெரும்பகுதி விவிலியத்தின் திருப்பாடல்களினின்று எடுக்கப்பெற்றது. எபிரேய மொழியில் பிறந்து, கிரேக்கம் வழியே இலத்தீனை அடைந்த சொற்கள் அவை.

இனி இசை. 754இல் போப்பாண்டவர் இரண்டாம் ஸ்தேவான், படைத்துணை நாடிப் பிராங்கியர் நாட்டில் பெப்பின் மன்னனைக் கண்டார். அக்காலந்தொட்டு உரோமாபுரியின் பாடல் முறை ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பரவலாயிற்று. பெப்பினின் மைந்தன் சார்லமேன், குருமார் அனைவரும் அம்முறையையே கற்க வேண்டுமென 789இல் ஆணையிட்டான்.

சொல்லை ஏட்டில் எழுதி அனுப்பலாம். இசையை எங்ஙனம் அனுப்புவது? அந்நாளில் அதற்குரிய குறியீடு வழக்கில் இல்லை. ஆசான் பாட, மாணாக்கர் கேட்டு மனனம் செய்தனர். 800ஐ ஒட்டிய பாடல் ஏடுகளில் சொற்கள் மட்டுமே காணப்படுகின்றன. இசைக்குறிகள் நிறைந்த ஏடுகள் நமக்குக் கிடைப்பது 900ஐ ஒட்டியே. அக்குறிகளும் இசையின் ஏற்ற இறக்கத்தை நினைவூட்டினவேயன்றிச் சுரத்தைத் திட்டமாகக் காட்டவில்லை. அரெஸ்ஸோ நகரத்துக் குய்தோ என்னும் துறவி 11ஆம் நூற்றாண்டில் கோடுகளின்மேல் சுரங்களை அமைத்த பின்னரே, கேளாத பாட்டையும் ஏட்டைப் பார்த்துப் பாட இயன்றது.

நினைவை மட்டுமே நம்பிய அந்த இடைக்காலத்தில் பிராங்கியர் கேட்டதைத் தம் இசைமரபோடு இயைத்துப் பாடினர். அக்கலப்பே கிரெகோரிய இசை என்பது அறிஞர் பலரின் முடிபு. உரோமாபுரியின் புனித செசிலியா ஆலயத்துக்கென 1071இல் எழுதப்பெற்ற ஏடு இதற்குச் சான்று பகர்கிறது. அதிலுள்ள சொற்கள் பெரிதும் பிராங்கிய ஏடுகளோடு ஒத்துள்ளன, இசையோ வேறுபடுகிறது. பின்னர் வடக்கே உருவான இசையே உரோமாபுரிக்குத் திரும்பி, 13ஆம் நூற்றாண்டில் அந்நகரின் பழைய இசையை வழக்கொழியச் செய்தது.

புதிய வடிவத்துக்குப் பெருமை சேர்த்தது கிரெகோரியார் பெயர். அதனை ஆக்கியவரோ பெயர் அறியப்படாத பாடகர்கள். பிறமண் சென்ற பாட்டு சொல்லைக் காத்தது. இசையில் அம்மண்ணின் சாயலை ஏற்றது. அதனாலேயே நிலைத்தும் வாழ்ந்தது. தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு தரும் சிந்தனை சிறிதன்று.