நுண்ணலைக் கதிர்வீச்சின் உடல்நல விளைவுகள்

நுண்ணலைகள் என்பவை 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையான மின்காந்த அலைகள். எக்ஸ் கதிரைப்போல் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. உடலில் உறுதிப்பட்ட தீங்கு வெப்பத்தால் வருவதே. அதிகம் அஞ்ச வேண்டியது கண்வில்லைக்குத்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் ஏறிய சூடு எளிதில் தணியாது. கடும் வீச்சில் வில்லையின் புரதம், வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோல் வெளுத்துக் கண்புரையாகிறது. ரேடார் ஆண்டெனாவை ஒட்டி வேலை செய்வோருக்குக் கண் பாதுகாப்பு முக்கியம். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கதவிலுள்ள உலோக வலையின் துளைகள், சுமார் 12 செ.மீ. அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அலை உள்ளேயே தங்கிவிடும். கதவு வளைந்திருந்தால் அடுப்பை இயக்கவே கூடாது. கைபேசி அலைகள் உள்ளிட்ட ரேடியோ அலைவரிசைப் புலங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ எனும் 2பி பிரிவில் வைத்தது. சான்று குறைவாக உள்ளவற்றுக்கான பிரிவு அது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதில் உண்டு.