606 முதல் 310053 வரை

சுமத்ராவின் பலம்பாங் நகருக்கு அருகே 1920-இல் கிடைத்த தலாங் தூவோ கல்வெட்டு ஒரு தோட்டத்தைப் பற்றியது. ஸ்ரீவிஜய மன்னர் ஜயநாசர் தென்னை, கமுகு, சவ்வரிசி மரம், மூங்கில் எல்லாம் நட்டு, அதன் பலன் எல்லா உயிர்க்கும் சேரட்டும் என்று வேண்டிய செய்தியைப் பழைய மலாய் மொழியில் சொல்கிறது. கணித வரலாற்றில் அந்தத் தோட்டத்தைவிட அது அமைந்த ஆண்டுக்குத்தான் மதிப்பு அதிகம். சக ஆண்டு 606, அதாவது கி.பி. 684. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு சுழியம் நிற்கிறது. பங்கா தீவின் கோத்தா கப்பூர் கல்வெட்டில் 608 என்றும், கம்போடியாவில் மேக்கோங் கரையிலுள்ள சம்போர் கல்வெட்டில் 605 என்றும் இதே போன்ற ஆண்டுகள் இருக்கின்றன. சம்போரில் சுழியம் வெறும் புள்ளி. பத்தை அடியாகக் கொண்ட எண்முறையில், ஆண்டு ஐயமறத் தெரிந்த சுழியங்களில் மிகப் பழையவற்றுள் இவை அடங்கும். இந்தியாவில் பெரிதும் பேசப்படும் குவாலியர் கோயில் சுழியம் கி.பி. 876-ஐச் சேர்ந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிந்தியது.

தலாங் தூவோ எழுத்து பல்லவ எழுத்து. காஞ்சியும் மாமல்லபுரமும் இருக்கும் கரையிலிருந்து கடல் கடந்து போனது. அந்தக் கரையின் தமிழ்க் கணக்கரோ அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் சுழியம் இல்லாமலேயே கணக்கு எழுதினார்கள். இதே 606 பழைய தமிழ் முறையில் ௬௱௬ ஆகும். இங்கும் மூன்று குறிகள்தாம். ஆனால் நடுவில் இருக்கும் ௱ நூறு என்னும் அளவு. முன்னால் நிற்கும் ஆறோடு சேர்ந்து அறுநூறு ஆகிறது. பத்துகள் இல்லை என்பதைப் பற்றி அந்த வரி பேசவே இல்லை. கல்வெட்டின் நடுக்குறி நேர்மாறானது. அது இல்லாத பத்துகளின் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஆண்டு 66 ஆகிவிடும்.

ஒன்றுமில்லாததற்கு ஒரு குறி தேவையா என்பதற்கு இப்படி இரண்டு விடைகள் இருந்தன. ஓர் எண்ணின் மதிப்பை அது நிற்கும் இடமே சொல்லும் முறையில் காலி இடத்தையும் எழுதியாக வேண்டும். பத்து, நூறு, ஆயிரம் ஒவ்வொன்றுக்கும் ௰, ௱, ௲ என்று தனிக்குறி இருந்தால் இல்லாததை எழுதாமல் விட்டுவிடலாம். இதைத் தமிழ்க் கணக்கின் குறை என்று சொல்வது சரியல்ல. முக்கால், அரை, கால், மாகாணி என்று இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரையிலும், அதற்கும் கீழேயும் பெயரும் குறியும் வைத்திருந்த முறை அது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தே பெருக்கலைப் பழகினார்கள்.

அந்தக் கணக்குதான் 19ஆம் நூற்றாண்டில் செட்டியார்களோடு சிங்கப்பூருக்கு வந்தது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டியும் சாய்மேசையுமாக உட்கார்ந்து கடன் கொடுத்தவர்கள் பேரேட்டைத் தமிழில் எழுதினார்கள். 1859-இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டியதும் அவர்களே. வட்டிக்கடைக் கணக்கில் சுழியத்துக்கும் ஒன்றுமில்லாமைக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும். வாங்கிய கடனை முழுதும் அடைத்தவருக்குப் பேரேட்டில் பக்கம் உண்டு. பற்றும் வரவும் நேராகி, பாக்கி சுழியம். கடனே வாங்காதவருக்குப் பக்கமே கிடையாது. இருவரும் தர வேண்டியது ஒன்றுமில்லை என்றாலும் இரண்டும் ஒரே நிலை அல்ல.

சுழியத்தை வெறும் இடம்பிடிக்கும் குறி என்ற நிலையிலிருந்து எண் என்ற நிலைக்குத் தெளிவாக உயர்த்தியவர் பிரம்மகுப்தர். கி.பி. 628-இல் எழுதிய பிராம்ம ஸ்புட சித்தாந்தத்தில் அவர் அதற்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை வகுத்தார். பொருள், கடன் என்ற சொற்களால் மிகை எண்ணையும் குறை எண்ணையும் விளக்கியதால், அவருடைய விதிகளைக் கடைக்காரரும் புரிந்துகொள்ள முடியும். வகுத்தலில் மட்டும் அவருக்குச் சறுக்கியது: சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியமே என்றார். ஐந்நூறு ஆண்டு கழித்து வந்த இரண்டாம் பாஸ்கரர், ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் முடிவிலாத அளவு வரும் என்று கருதினார். இன்றைய கணிதம் இரண்டையும் ஏற்பதில்லை. அப்படி வகுப்பதற்குப் பொருளே இல்லை என்று ஒதுக்கிவிடுகிறது.

சுழியத்துக்கும் ஒன்றுமில்லாமைக்கும் உள்ள வேறுபாடு துல்லியமாகத் தெரிவதும் இங்கேதான். எந்த எண்ணோடு 5-ஐக் கூட்டினால் 5 வரும்? விடை சுழியம். எந்த எண்ணைச் சுழியத்தால் பெருக்கினால் 5 வரும்? விடை இல்லை. முதல் கேள்விக்கு ஓர் எண் கிடைக்கிறது. அது இரட்டை எண், −1-க்கும் 1-க்கும் நடுவில் அதற்கு இடம் உண்டு. இரண்டாவதற்கு எதுவுமே கிடைக்கவில்லை. கணங்களின் மொழியில் சொன்னால், முதல் விடைக் கணத்தில் சுழியம் என்ற ஓர் உறுப்பு இருக்கிறது. இரண்டாவது வெற்றுக் கணம். தேர்வுத்தாளில் ‘0’ என்று எழுதும் மாணவரும் ‘தீர்வு இல்லை’ என்று எழுதும் மாணவரும் ஒரே மதிப்பெண் பெற முடியாது.

தமிழ் எண்களுக்குள் சுழியம் அச்சில் புகுந்தது 1825-இல் வெளிவந்த ‘கணித தீபிகை’ வழியாக. இடமதிப்பு முறையைத் தமிழ் வாசகருக்குச் சொல்லித்தர வந்த நூல் அது. ஆனாலும் பழைய முறையே தமிழ் எண்ணின் இயல்பு என்ற எண்ணம் நீடித்தது. கணினிக்கான யூனிகோடு தரத்தில் தமிழுக்கு முதலில் 1 முதல் 9 வரையும் பத்து, நூறு, ஆயிரமும் மட்டுமே இடம்பெற்றன. ௦ சேர்ந்தது 2005-இல், 4.1ஆம் பதிப்பில்.

சிங்கப்பூரில் இன்று சுழியத்தின் வேலையை அருகில் பார்க்க அஞ்சல் குறியீடு போதும். 1960களின் நடுவில் சதுப்பு நிலத்தில் எழத் தொடங்கிய தோ பாயோவில், லோரோங் 5-இன் 53ஆம் புளோக் பெயர்பெற்றது. 1972-இல் எலிசபெத் அரசியார் வந்து பார்த்த மாடி அதுதான். 1995 செப்டம்பரில் ஆறு இலக்கக் குறியீடு நடைமுறைக்கு வந்தபோது அதற்குக் கிடைத்தது 310053. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்துக்கு. கடைசி மூன்று புளோக் எண்ணுக்கு. 53-இல் நூறுகள் இல்லை, ஆகவே 053. மூன்றாம் இலக்கமான இன்னொரு சுழியத்தின் வேலை வேறு. தோ பாயோ சென்ட்ரலில் உள்ள 79டி புளோக்கின் குறியீடு 314079. ஏ-க்கு 1, பி-க்கு 2 என்று போய் டி-க்கு 4. எண்ணுக்குப் பின்னால் எழுத்தில்லாத புளோக்குக்கு 0. எழுத்து இல்லை என்ற செய்தியை அங்கே சுழியம் சொல்கிறது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் குறியீடு ஐந்து இலக்கமாகிவிடும், கடிதம் எங்கே போவது என்று தெரியாது.

நகரின் தென்கோடியில் சிக்கல் வேறு விதமானது. மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் குறியீடு 018956. அதை எண் என்று எடுத்துக்கொள்ளும் கணக்கு மென்பொருள் முன்னால் உள்ள சுழியத்தை மதிப்பற்றதாகக் கருதி 18956 என்று சுருக்கிவிடும். எண் என்ற முறையில் அது சரி. முகவரி என்ற முறையில் தவறு. சிங்கப்பூர் முகவரிப் பட்டியல் தயாரிப்போர் அஞ்சல் குறியீட்டுப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைப்பதே நல்லது.