அந்தமான் பழங்குடியினர் மீதான ஆய்வும் அறநெறிக் கண்காணிப்பும்

அந்தமான் பழங்குடி மக்களை ஆய்வுக்கு உட்படுத்த யார் ஒப்புதல் தருவது, அதனால் நேரும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்பவை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தீராத கேள்விகள். சமூக அறிவியல் சோதனைகளின் அறநெறிக்கு மில்கிராமின் மின்னதிர்ச்சிச் சோதனையையும் (1961) ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையையும் (1971) எடுத்துக்காட்டுவது வழக்கம். அவற்றில் கலந்துகொண்டோர் விளம்பரம் பார்த்து, பணம் பெற்றுக்கொண்டு வந்தவர்கள். அந்தமானில் ஆய்வுக்கு உள்ளானோரில் பலருக்கு, தாங்கள் ஆராயப்படுகிறோம் என்பதே தெரியாது.

போர்ட் பிளேரில் 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. 1863இல் ராஸ் தீவில் பழங்குடியினரைத் தங்கவைக்க ‘அந்தமான் இல்லம்’ அமைந்தது. நெருக்கம் கூடக்கூட நோய்களும் வந்தன. 1877இன் தட்டம்மை, பெரிய அந்தமானியர் எனப்படும் பழங்குடியினரில் பெரும் பகுதியைக் கொண்டுபோயிற்று. 1880இல் மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற அதிகாரி வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். பிடித்துவந்து, நன்றாக நடத்தி, பரிசுகளோடு திருப்பியனுப்பினால் நட்பு துளிர்க்கும் என்பது அவர் கணக்கு. ஆறு பேரும் விரைவிலேயே நோயுற்றனர். முதியவரும் அவர் மனைவியும் இறந்தனர். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டனர். அச்சத்தையும் பகையையும் வளர்த்ததைத் தவிர வேறு பயன் விளையவில்லை என்று போர்ட்மேனே பின்னர் எழுதினார். அந்தக் குழந்தைகள் தீவுக்கு என்ன கிருமிகளைக் கொண்டுசென்றனர் என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதே போர்ட்மேன்தான் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அந்தமானியரின் உடலை அளந்து படமெடுத்தவரும்.

விடுதலைக்குப் பின் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் டி. என். பண்டிட் 1967இல் வடக்கு சென்டினலில் இறங்கினார். தேங்காய், இரும்பு முதலியவற்றைக் கரையில் வைத்துவிட்டு விலகிநின்று பார்ப்பது பின்னர் வழக்கமாயிற்று. 1974இல் ஒரு படப்பிடிப்புக் குழுவினர் பாத்திரங்கள், பொம்மை, உயிருள்ள பன்றி ஆகியவற்றை வைத்து மக்களின் எதிர்வினையைப் பதிவு செய்தனர். இயக்குநரின் தொடையில் அம்பு பாய்ந்தது. பன்றியும் பொம்மையும் மண்ணில் புதைக்கப்பட்டன. இதைவிடத் தெளிவான மறுப்பு எந்த ஒப்புதல் படிவத்திலும் கிடைக்காது. 1991 ஜனவரியில் மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழுவிடமிருந்து சென்டினலியர் தேங்காய்களை நேரில் வாங்கினர். ஆனால் 1990களின் நடுவில் இந்தப் பயணங்கள் கைவிடப்பட்டன.

அந்தமானின் மற்றொரு பழங்குடியினரான ஜாரவாக்களின் நிலை வேறு. 1996இல் கால் முறிந்த ஓர் இளைஞர் போர்ட் பிளேரில் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். மறு ஆண்டு ஜாரவாக்கள் பகலிலேயே குடியேற்ற ஊர்களுக்கு வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சிகிச்சை அளித்தவர்களின் நோக்கத்தில் குறை காண முடியாது. எனினும் சிறு குழுக்களில் கேடு தனியாளோடு நிற்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர், ஓங்கே 101 பேர், பெரிய அந்தமானியர் 44 பேர். ஒரு வீட்டுக் காய்ச்சல் ஓர் இனத்தையே அசைத்துவிடும்.

1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நுழைய அனுமதி வேண்டும். 2012இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. சென்டினலைத் தொலைவிலிருந்து கண்காணித்து, உள்ளே போகாதிருப்பதே இன்றைய நடைமுறை. 2018 ஆகஸ்டில் அத்தீவு உள்ளிட்ட 29 தீவுகளுக்கு வெளிநாட்டவருக்கான சிறப்பு அனுமதித் தேவை தளர்த்தப்பட்டது குழப்பமான முடிவு. 1956 ஒழுங்குமுறையின் தடை அப்படியே இருந்தது. அதை மீறி நவம்பரில் அங்கே சென்ற அமெரிக்க மதப் பிரசாரகர் ஜான் ஆலன் சாவ் கொல்லப்பட்டார்.

ஆய்வுகளைப் பரிசீலிக்கும் அறநெறிக் குழுக்களைப் பொறுத்தவரை இந்தியாவில் மருத்துவமே முன்னே நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள் மருத்துவ ஆய்வுக்கான அறநெறிக் குழுக்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கின; சமூக அறிவியலுக்கு அத்தகைய சட்டம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பழங்குடியினரை எளிதில் பாதிக்கப்படக்கூடியோராகக் கருதி, சமூகத்தின் இசைவோடு ஒவ்வொருவரின் ஒப்புதலையும் கேட்கின்றன. 2000இல் நலவாழ்வு சார்ந்த சமூக ஆய்வுக்கென வெளியான நெறிமுறைகள் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. கேள்வித்தாளோடு வரும் ஆய்வாளர் ஊசியோடு வருபவரைவிடக் குறைவாகவே சோதிக்கப்படுகிறார்.

மரபணு ஆய்வு இன்னொரு சிக்கல். ஓங்கே, பெரிய அந்தமானியர் ஆகியோரின் தாய்வழி மரபணுக்களை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டனர். மனிதகுல இடப்பெயர்வு வரலாற்றுக்கு அது பெரும் கொடை. ஆனால் இவ்வளவு சிறிய இனத்தில் பெயரை நீக்குவதால் மட்டும் எவருடைய அடையாளமும் மறைந்துவிடாது. மாதிரி கொடுத்தவரின் உறவினர்களுக்கும் அத்தகவலில் பங்கு உண்டு. சேமித்த மாதிரிகளைப் புதிய ஆய்வுக்கு எடுக்கும்போது மீண்டும் அறநெறிக் குழுவின் பரிசீலனை வேண்டும் என்கின்றன 2017 நெறிமுறைகள்.