நசோ கவுண்டி பஸ்: காசு கட்டுவது யார்?

நகரத் திட்டமிடல் பற்றிக் கொஞ்சம் வாசித்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். நியூயோர்க்கின் செல்வாக்கான கட்டுமான அதிகாரி ரொபேட் மோசஸ், லோங் ஐலண்ட் தீவில் தான் போட்ட பார்க்வே வீதிகளுக்கு மேலே வேண்டுமென்றே பதிவான பாலங்களைக் கட்டினாராம். கார் போகும், பஸ் போகாது. அவர் 1929இல் திறந்த ஜோன்ஸ் பீச் கடற்கரைக்கு, காரில்லாத ஏழைகளும் கறுப்பினத்தவர்களும் வரக்கூடாது என்பதுதான் நோக்கமாம். 1974இல் ரொபேட் காரோ எழுதிய மோசஸின் வாழ்க்கை வரலாற்றில் வந்த கதை இது.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் இதை மறுத்தார்கள். பார்க்வேக்களில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் எப்படியும் தடைதான், அமெரிக்காவின் வேறு பார்க்வேக்களிலும் அதே சட்டம்தான், கடற்கரைக்குப் போக வேறு வீதிகளும் இருந்தன என்பது அவர்கள் வாதம். மோசஸின் மனதில் என்ன இருந்தது என்ற சண்டை இன்னும் முடியவில்லை. நாங்கள் அதற்குள் போகப் போவதில்லை. அந்தப் பாலங்கள் பல நிற்கிற நசோ கவுண்டியில், பஸ்ஸுக்கு என்ன நடந்தது என்றுதான் பார்க்கப்போகிறோம். கவுண்டி என்றால் மாநிலத்துக்குக் கீழே வரும் நிர்வாகப் பிரிவு, எங்கட மாவட்டம் மாதிரி. ஆனால் அதற்கென்று தெரிவான ஆட்சியும் வரி போடும் அதிகாரமும் உண்டு.

1940இல் நசோவின் சனத்தொகை ஏறத்தாழ 4 இலட்சம். 1960இல் 13 இலட்சம். இடையில் வந்தது போருக்குப் பிந்திய வீட்டுப் பெருக்கம். 1947இல் தொடங்கிய லெவிட்டவுனில் மட்டும் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்க முடியாது என்று ஆரம்ப ஒப்பந்தங்களிலேயே எழுதியிருந்தார்கள். வீட்டுக்கொரு கார் இருக்கும் என்ற நினைப்பில் எழுந்த ஊர்கள் இவை. மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ரயில் இருந்தது. ஆனால் ரயில் பாதைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகத்தான் ஓடுகின்றன. கவுண்டிக்குள்ளேயே வடக்கே இருந்து தெற்கே வேலைக்குப் போகிற ஆளுக்கு ரயிலால் பெரிய பிரயோசனம் இல்லை. அந்த ஆளுக்குத்தான் பஸ் வேணும்.

பஸ்ஸை ஓட்டியவை சின்னச் சின்னத் தனியார் கம்பனிகள். கார் கூடக்கூட அவை நட்டத்தில் விழுந்தன. 1973இல் பத்துக் கம்பனிகளை ஒன்றாக்கிப் பொதுச் சேவையாக மாற்றினார்கள். நடத்தும் பொறுப்பு நியூயோர்க்கின் மாநகரப் போக்குவரத்து அதிகாரசபையான எம்ரிஏயிடம் போனது. பிற்காலத்தில் அதன் பெயர் லோங் ஐலண்ட் பஸ்.

பஸ்கள் கவுண்டியுடையவை, ஓட்டுவது எம்ரிஏ. அப்போ நட்டத்தை யார் தாங்குவது? இந்தக் கேள்வியை யாரும் சரியாகத் தீர்க்கவில்லை. 2010 அளவில் நசோ வருடத்துக்கு 9 மில்லியன் டொலர் அளவில்தான் கட்டியது. எம்ரிஏ அதைவிட இரண்டு மடங்குக்கும் கூடத் தன் பக்கத்தால் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வெஸ்ட்செஸ்டர் கவுண்டி தன் பஸ்ஸுக்கு இதைவிட எவ்வளவோ கூடச் செலவழித்தது. "உங்கள் பங்கைக் கட்டுங்கள்" என்றது எம்ரிஏ. நசோ மாட்டேன் என்றது. 2011இல் சேவையைக் கைவிட எம்ரிஏ தீர்மானித்தது.

நசோ கண்ட வழி தனியார். 2012 ஜனவரி 1 முதல் வெயோலியா என்ற கம்பனி பஸ்ஸை ஓட்டத் தொடங்கியது. சேவைக்கு நைஸ் என்று புதுப்பெயர். கவுண்டி சொன்ன கணக்கு, தன் பங்கு சுமார் 2.5 மில்லியனாகக் குறையும், சேவையும் குறையாது என்பது. சில மாதங்களுக்குள்ளேயே வெட்டு வந்தது. பிற்காலத்தில் பல வழித்தடங்கள் ஒரேயடியாக நின்றன. சில மட்டும் பிறகு திரும்பி வந்தன.

ஒரு வழித்தடம் நிற்பது காருள்ளவருக்குச் செய்தியே இல்லை. இரவு வேலை முடிந்து வருகிற ஆஸ்பத்திரித் தாதிக்கும், வீடு துப்புரவாக்கப் போகிற பெண்ணுக்கும், கல்லூரிப் பிள்ளைக்கும் அது வேலை, படிப்பு எல்லாம். அவர்களிடம் வாக்கும் குறைவு, சத்தமும் குறைவு. கவுண்டி வரவுசெலவில் முதலில் கை வைக்கிற இடம் அதனால்தான் பஸ்ஸாக இருக்கிறது.

நசோவின் முக்கியமான பஸ் நிலையம் ஹெம்ஸ்டெட்டில் இருக்கிறது. பஸ்ஸில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அவருடைய போராட்டம் பஸ்ஸுக்குள் எங்கே இருக்கலாம் என்பதைப் பற்றியது. இங்கே கேள்வி அதற்கும் முந்தியது: பஸ் வருமா?

கோடைகாலத்தில் ஃப்ரீபோர்ட் ரயில் நிலையத்திலிருந்து ஜோன்ஸ் பீச்சுக்கு இன்று பஸ் ஓடுகிறது. பாலங்கள் அதை மறிக்கவில்லை. மோசஸின் பாலக் கதையை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம், அதில் ஒரு வில்லன் இருக்கிறார். வரவுசெலவுத் திட்டத்தில் வில்லன் இல்லை. கை உயர்த்தி வாக்களித்த சாதாரண ஆக்கள்தான் இருக்கிறார்கள். கொங்கிரீட் பாலத்தை உடைப்பது கஷ்டம். வரவுசெலவை வருடா வருடம் புதிதாகத்தான் எழுதுகிறார்கள். அதனால் பஸ் ஒன்று நின்றால், எந்த வருடம், எந்த வரியில் அதை வெட்டினார்கள் என்று முதலில் தேடிப் பார்ப்போம்.