சட்டாம்பிள்ளை கடல் தாண்டிய கதை

எழும்பூரில் 1789-இல் ஓர் அநாதைப் பள்ளி இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையாட்களுக்கு இங்கே பிறந்து, தகப்பன் செத்தோ விட்டுப்போயோ நாதியற்று நின்ற ஆண்பிள்ளைகளை அங்கே வைத்து வளர்த்தார்கள். அதன் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சேர்ந்த பாதிரியார். அவருக்குக் கீழே இருந்த வாத்தியார்கள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவே இழுத்தடித்தார்கள். ஒரு நாள் குதிரைமேல் போகும்போது அவர் கண்ணில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் பட்டது. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, வாயால் சொல்லி, அழித்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் திரும்பி வந்து தன் வாத்தியார்களையும் அப்படியே செய்யச் சொன்னார். அவர்கள் முடியாது என்றார்கள். சரியென்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, கீழ்வகுப்புக்கு நீயே சொல்லிக்கொடு என்று விட்டுவிட்டார். பையன் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

ஆசிரியப் பயிற்சியில் இதை நாங்கள் இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் படித்தோம். மெட்ராஸ் முறையைத் தோற்றுவித்தவர் யார்? ஆண்ட்ரூ பெல். எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்தும் போனேன். பண்ருட்டிப் பக்கத்து ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, சாவகாசமாகப் பழைய புத்தகங்களைப் புரட்டும்போதுதான் அந்த விடையில் பாதி காணோம் என்று பட்டது. திண்ணையிலிருந்து பெல் எடுத்துக்கொண்டு போனது ஒரு பங்கு. விட்டுவிட்டுப் போனது இன்னொரு பங்கு. அந்த இரண்டாவது பங்கைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

முதலில் எடுத்துக்கொண்டு போனது. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு நம் ஊரில் ஓர் ஆள் உண்டு: சட்டாம்பிள்ளை. வாத்தியார் வயலுக்குப் போயிருந்தாலும், உள்ளே படுத்திருந்தாலும், பள்ளிக்கூடம் அவன் கையில் நடக்கும். பெல் 1796-இல் சென்னையை விட்டுப் போனார். அடுத்த ஆண்டே லண்டனில் தன் எழும்பூர்ச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டார். அங்கே தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்க வேண்டும், காசு மட்டும் செலவாகக் கூடாது. ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், நடுவில் சட்டாம்பிள்ளைகள். இதைவிட மலிவாக எது கிடைக்கும்? ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதேபோல் ஒன்றைத் தொடங்க, முதலில் கண்டுபிடித்தது நீயா நானா என்று இரண்டு கட்சிக்கும் பெரிய சண்டை. சண்டை போட்டவர்களில் ஒருவரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெல் 1832-இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளியின் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. இன்றும் நடக்கிறது.

இனி விட்டுவிட்டுப் போனது.

திண்ணைப் பள்ளிக்கூடம் விடிவதற்கு முன்னாலேயே கூடிவிடும். பெல்லாரி கலெக்டர் கேம்பல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். முதலில் வந்த பையன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வந்தவனுக்குச் சுழி. மூன்றாவது ஆளுக்கு ஓர் அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு. அப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியாக வந்தவன் கதியை நினைத்தால் எனக்குக் கை எரிகிறது.

உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கைச் சரித்திரத்தில் அந்தக் காலத்துப் படிப்பை விரிவாக எழுதியிருக்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது சாயங்காலம் நடப்பது. பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது வாத்தியார் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரோ, ஒரு பறவையின் பெயரோ, ஓர் ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஞாபகத்துக்கான பயிற்சிதான். ஆனால் ஒரு பையன் ராத்திரி முழுக்க மரங்கொத்தியை மனசில் வைத்துக்கொண்டு தூங்கி எழுந்தால், காலையில் வருகிற வழியில் அவன் கண் மரத்தைப் பார்க்காமலா வந்திருக்கும்?

'திண்ணையில் வெறும் மனப்பாடம்' என்று பயிற்சி வகுப்புகளில் முகம் சுளித்துச் சொல்வார்கள். மனப்பாடம் உண்டு, மறுக்கவில்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, நிகண்டு எல்லாம் நெட்டுருதான். எண்சுவடியும் நெட்டுருதான். ஆனால் எண்சுவடியில் என்ன இருந்தது என்று பாருங்கள். முழு எண்ணின் வாய்ப்பாடு மட்டும் இல்லை, பின்னத்துக்கும் வாய்ப்பாடு. கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம், மா, காணி என்று இறங்கி முந்திரி வரை. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. அதற்கும் கீழே, முந்திரியில் முந்திரி, கீழ்முந்திரி. 1,02,400-இல் ஒரு பங்கு. 'முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது பதினாறில் பதினைந்து. கொஞ்சம்தான் பாக்கி என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லும் ஆள் கணக்குத் தெரிந்தவன்தான்.

நெட்டுருப் போட்டது எதற்கு? சாயங்காலம் வாத்தியார் வாயால் கணக்குப் போடுவார். ஒரு கலம் நெல், ஐந்து பங்காளிகள், ஆளுக்கு எவ்வளவு? ஏடும் கிடையாது, மணலும் கிடையாது, மனசுக்குள்ளேயே போட வேண்டும். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ஆளுக்கு இரண்டு போனால் மீதி இரண்டு. மரக்காலுக்கு எட்டு நாழி, ஆகப் பதினாறு நாழி. ஆளுக்கு மூன்று, மீதி ஒன்று. நாழிக்கு எட்டு ஆழாக்கு. ஆளுக்கு ஒன்று, மீதி மூன்று. ஆழாக்குக்கு ஐந்து செவிடு, மூன்றுக்குப் பதினைந்து, ஆளுக்கு மூன்று. இரண்டு மரக்கால், மூன்று நாழி, ஓர் ஆழாக்கு, மூன்று செவிடு. மீதி இல்லை. இப்படிப் பழகிய பையனைக் களத்துமேட்டில் அளக்கிறவன் ஏமாற்றுவது சிரமம். மனப்பாடம் அவனுக்குக் கைமுதல். வியாபாரம் அதற்கு மேல்தான்.

கணக்கதிகாரம் என்றொரு பழைய நூல், காரிநாயனார் செய்தது. அதில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியிருக்கும் சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பண்ருட்டிக்காரிக்கு இது போதாதா? சீசனில் ஒரு பழத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். முள்ளை எண்ணத் தொடங்கியதுமே தகராறு.

"டீச்சர், காம்பு ஓரத்து முள்ளு மட்டுமா, அடுத்த வரிசையுமா?"

"பிஞ்சு முள்ளுக்குக் கணக்கு உண்டா டீச்சர்?"

ஒருத்தி சுண்ணாம்பு வாங்கி வந்து, எண்ணிய முள்ளுக்கெல்லாம் பொட்டு வைத்தாள். இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு விடை எடுத்தார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்து எண்ணினால், சுளை இரண்டு விடைக்கும் சேரவில்லை. அப்போது ஒரு பையன், "எங்க தாத்தா எண்ணவே மாட்டாரு டீச்சர், தட்டிப் பாத்தே சொல்லிடுவாரு" என்றான். எப்படித் தட்டுவார், என்ன சத்தம் வரும் என்று அன்று மத்தியானம் வரை பேச்சு அதிலேயே போனது. மறுநாள் அறிவியல் பாடத்தில் பூ, மகரந்தம் என்று நான் ஆரம்பித்ததும், சுளை ஆகாமல் சடையாகப் போனது எதனால் என்று அவர்களே கேட்டார்கள். பழைய சூத்திரம் பலிக்காததுதான் எனக்கு லாபம்.

இதையெல்லாம் சொல்வதால் திண்ணையை நான் கோயிலாக்கவில்லை. வெள்ளைக்காரன் வருமுன் நாட்டில் எல்லாரும் படித்திருந்தார்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுத்த கணக்கு இருக்கிறது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். கிட்டத்தட்ட ஒன்றேகால் கோடி ஜனத்துக்கு அது நல்ல எண்ணிக்கைதான்; சற்று முந்தைய காலத்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றைவிட மேல் என்ற கருத்தில் மன்றோவே 1826-இல் எழுதினார். உழவர், வணிகர், கைவினைஞர் வீட்டுப் பையன்கள் நிறையப் பேர் அதில் உண்டு. ஆனால் பெண்பிள்ளைகள்? 4,540. அவ்வளவே. சேரிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் ஏறவே இடமில்லை. ஏறியவனுக்கும் பிரம்பு, கோதண்டம், குட்டை என்று தண்டனைகள். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நான் திண்ணைக்கு வெளியே கோலம் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

திண்ணை அழிந்ததும் ஒரே நாளில் நடக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சர்க்கார் உதவித்தொகை வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று வாத்தியாருக்குப் பணம். இன்ஸ்பெக்டர் கேட்பது அச்சிட்ட புத்தகத்துக் கணக்கை, சிலேட்டில் எழுதிக் காட்டும் கணக்கை. வயிற்றுப்பாட்டுக்கு இருக்கிற வாத்தியார் வேறென்ன செய்வார்? சாயங்கால வாய்க்கணக்கை விட்டார், சிலேட்டைப் பிடித்தார். மிச்சமிருந்ததை 1957 ஏப்ரல் 1-இல் வந்த நயா பைசாவும், பின்னாலேயே வந்த கிலோவும் லிட்டரும் முடித்து வைத்தன. தசமம் சுலபம், அதில் எனக்குக் குறையில்லை. வீசத்தோடு சேர்ந்து வாய்க்கணக்கும் ஏன் போக வேண்டும் என்பதுதான் ஆற்றாமை.

எங்கள் தலைமுறை பார்த்த மாற்றம் செயல்வழிக் கற்றல். நாங்கள் ஏ.பி.எல். என்போம். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் சுற்றுக் கிராமங்களுக்காகச் செய்திருந்ததைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். அப்போது எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையர். 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. பெஞ்சு போனது, பாய் வந்தது. சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். பாடமெல்லாம் அட்டை, எந்த அட்டைக்குப் பின் எது என்று சொல்ல ஏணிப்படம். முடித்தவன் முடிக்காதவனுக்கு உதவும் குழு ஒன்று. பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தபோது இது புத்தம் புது முறை என்றார்கள். தரையில் உட்கார்வதும், ஆளுக்கு ஆள் வேறு பாடமும் திண்ணையிலேயே இருந்தவை, பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணிலிருந்தே லண்டனுக்குக் கப்பலேறியது என்பது அன்று எனக்கும் தெரியாது. பிரம்பு இல்லை, பெண்பிள்ளை பாதிக்குப் பாதி, எல்லாச் சாதியும் ஒரே பாயில். அந்த வகையில் திண்ணையைவிட எவ்வளவோ மேல்.

ஆனாலும் பெல் விட்டுப்போன அந்தச் சாயங்கால வாய்க்கணக்கு இதிலும் விட்டுப்போயிருந்தது. அட்டையில் கேள்வி அச்சடித்து வந்தது. ஒரு பிள்ளை தானே கேள்வி கேட்டு இன்னொன்றை மடக்கும் இடம் அதில் இல்லை. எங்கள் பள்ளியில் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி அட்டைக்கட்டு ஒன்று வைத்தோம். வேலையை முடித்த பிள்ளை அதில் தானே ஒரு கணக்கை எழுதி மற்றவர்களுக்குப் போடலாம். விதி ஒன்றுதான்: விடை தெரியாமல் கணக்குப் போடக்கூடாது. முதலில் வந்தவையெல்லாம் பாடப்புத்தகத்துக் கணக்கின் நகல். ராமு பேனா வாங்கினான், சோமு பென்சில் வாங்கினான் என்பது போல. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் சொந்தச் சரக்கு வந்தது. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது:

"ஒரு பலாப்பழத்தில் 30 சுளை. எனக்கு 8. தம்பிக்கு 10. பாட்டிக்குப் பல் இல்லை, 2 மட்டும். மீதி அம்மாவுக்கு. கொட்டை எத்தனை?"

கழித்துப் பத்து என்று எழுதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். முப்பது என்றவர்கள் குதித்தார்கள். அதற்குள் மரத்துக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, கொட்டை சரியாகக் கட்டாத சுளையும் உண்டு, அதனால் கணக்கே தப்பு என்றான். அப்படியென்றால் நாளைக்கு அந்தச் சுளையைக் கொண்டுவந்து காட்டு என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.