மணலுக்குள் உறங்கும் மீன்

1830இல் லண்டனில் முழுமையாக வெளிவந்த ஒரு நூலில் முப்பது வண்ணப்படங்கள் இருந்தன. இலங்கையில் குடியேற்ற அதிகாரியாக இருந்த ஜோன் விற்சர்ச் பென்னற் என்ற ஆங்கிலேயரின் நூல் அது. தீவின் தென்பகுதியில், உயிருள்ள மீன்களைப் பார்த்து வரைந்த படங்கள் என்று நூலின் தலைப்பே சொல்கிறது. அது வெறும் விளம்பரம் அல்ல. சாராயப் போத்தலில் இட்ட மீன் விரைவிலேயே நிறமிழந்து போகும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்த இந்துமாக்கடல் மீன்கள் பெரும்பாலும் வெளிறிய உடல்கள்தான். உயிருள்ள மீனின் நிறத்தைக் காட்டியதுதான் பென்னற்றின் பெருமை.

அந்த நூலில் அவர் 'லாப்ரஸ் ஃபோர்மோசஸ்' என்று பெயரிட்ட மீன் ஒன்று உண்டு. 'ஃபோர்மோசஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அழகானது என்று பொருள். இன்றைய பெயர் கோரிஸ் ஃபோர்மோசா. குஞ்சாக இருக்கும்போது செங்கபில உடலில் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைப் பட்டைகள் ஓடும். வளர்ந்தால் பட்டைகள் மறைந்து, புள்ளிகள் நிறைந்து, அறுபது சென்ரிமீற்றர் வரை நீளும். ஆங்கிலத்தில் 'ராஸ்' என்றும் நோர்வீஜியத்தில் 'லெப்பெஃபிஸ்க்', அதாவது உதட்டு மீன் என்றும் சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் சில வகைகள் இருள் சூழும்போது தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து, உடலை நெளித்துப் புதைந்து, விடியும்வரை அங்கேயே உறங்கும். ஆபத்து வந்தாலும் அதே மணல்தான் தஞ்சம்.

படத்தில் பார்த்ததை வீட்டில் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை அடுத்த தலைமுறையில் பிறந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. ஆனால் வெப்பமண்டலக் கடல்மீன் ஐரோப்பிய வீடுகளுக்கு வந்துசேர இன்னும் நூறாண்டு சென்றது. அலங்காரக் கடல்மீன் ஏற்றுமதி 1930களில் சிறிய அளவில் தொடங்கியது இலங்கையில்தான். ஒரு காலத்தில் தெகிவளை மிருகக்காட்சிசாலையில் பணியாற்றிய ரொட்னி ஜொங்க்லாஸ் இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர், ஆர்தர் சி. கிளார்க்குடன் இலங்கைப் பவளப்பாறைகளில் சுழியோடியவர். விரைவு விமானங்களும், ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளும், 1960களில் பரவிய செயற்கைக் கடலுப்பும் சேர்ந்தபின், கடற்கரையே இல்லாத நகரங்களிலும் பவளப்பாறை மீன் நீந்தத் தொடங்கியது.

மணல்மீன்களுக்கு அது நல்ல காலமாக இருக்கவில்லை. பழைய தொட்டிகளில் அடியில் பரல்போன்ற பவளத் துண்டுகளைப் போடுவார்கள்; சுத்தம் கருதிச் சிலர் வெறும் கண்ணாடியையே விடுவார்கள். மாலையானதும் மீன் வழக்கம்போலப் பாயும். மணல் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி, வாய் காயப்படும். காயத்தோடு உண்ண முடியாமல் மெலிந்து சாகும். 'வளர்க்கக் கடினமான மீன்' என்ற பெயர் இப்படித்தான் பலவற்றின்மேல் விழுந்தது. ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் நுண்மணலும், துள்ளி வெளியே விழாதபடி ஒரு மூடியும் போதும் என்ற எளிய அறிவு மெதுவாகத்தான் வந்தது.

பிடிக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கைச் சுழியோடிகள் சிலர் பாறைமேல் போர்த்துப் பிடித்த 'மொக்சி' வலை பவளத்தை உடைத்தது. 1996ஆம் ஆண்டின் மீன்பிடி ஒழுங்குவிதிகள் அதைத் தடை செய்தன. இரண்டே ஆண்டில், 1998இல், கடல் சூடாகிப் பவளங்கள் வெளிறிச் செத்தன. ஹிக்கடுவைப் பாறைகள் பெரும் அழிவைக் கண்டன. கிழக்கில் போர் கடலையும் மூடித் திறந்துகொண்டிருந்தது.

நோர்வேத் தமிழருக்கும் மீனுக்கும் உள்ள உறவு வேறு வழியில் வந்தது. 1956இல் நோர்வேக்கு வந்த குருநகர் அன்ரனி இராஜேந்திரம் இங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, பின்னர் காரைநகரில் சீநோர் நிறுவனம் எழக் காரணமானார். 1980களில் வந்த பலருக்கு முதல் வேலை ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில். மீன் நமக்கு உணவு, தொழில், கூலி. பார்ப்பதற்காக மட்டும் மீன் வைத்திருப்பது பின்னால் வந்த வசதி. நிலக்கீழ்த் தொடருந்து 1997இல் எட்டிய மோர்டென்ஸ்ருட் போன்ற புறநகரின் அடுக்குமாடி வாழ்வுக்கு உரியது. அங்கே ஒருவர் நானூறு லீற்றர்த் தொட்டி வைத்தால், லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் பதினான்கு கிலோ உப்புக் கரைக்கவேண்டும். குளிர்காலம் முழுவதும் நீரை 25 பாகை செல்சியசில் வைத்திருக்கவேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த மணல்மீன் அந்தத் தொட்டியில் முதலில் செய்வது காணாமற்போவதுதான். சில நாள் மணலைவிட்டு வெளியே வராமலும் இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டுவது பெரும் தவறு. பின்னர் அது எழுவதும் உறங்குவதும் இலங்கை நேரத்தில்! குளிர்காலத்தில் ஒஸ்லோ நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கொழும்பில் மாலை ஆறேகால் ஆகும்போது இங்கே ஒன்றே முக்கால். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மீன் மணலுக்குள் போய்விடும். இது வெறும் கதையல்ல. மாறாத மங்கலான ஒளியில் வைத்தாலும் மணல்மீன் ஒன்று தன் இரவுபகல் ஒழுங்கைத் தானே காக்கிறது என்று நெதர்லாந்தின் கிரோனிங்கன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நாளடைவில் தொட்டி விளக்கின் நேரத்துக்கு அது பழகிவிடும். நம் வீடுகளில் தொலைபேசி மணி அடிக்கும் நேரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நோர்வேயின் கடலிலும் உதட்டு மீன்கள் உண்டு. அவை மணலில் புதைவதில்லை; பாறை இடுக்குகளில் தங்கும். 1980களின் இறுதியிலிருந்து அவற்றைப் பிடித்து, சால்மன் பண்ணைகளில் ஒட்டுண்ணிப் பேன்களைத் தின்ன விடுகிறார்கள். 2018இல் விதித்த ஆண்டு உச்சவரம்பே 1 கோடியே 80 இலட்சம் மீன்கள். அந்தக் கூடுகளுக்குள் போனவற்றில் மிகப்பல திரும்புவதில்லை. ஒரு மீனை அதன் இடத்திலிருந்து எடுத்து நம் தேவைக்கு வைப்பது அலங்காரப் பிரியர்களின் குற்றம் மட்டும் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அவர்களை விடுவிப்பதற்காக அல்ல.

எங்கள் கரையின் மீன் என்ற பாசம் ஒருவரை கோரிஸ் ஃபோர்மோசாவின் பக்கம் இழுக்கலாம். கடையில் விரல் நீளத்தில் இருப்பது முழங்கை நீளத்துக்கு வளரும். வீட்டுத் தொட்டி அதற்கு வீடாகாது. பாசம் இருப்பவர் பன்னிரண்டு சென்ரிமீற்றரோடு நிற்கும் மஞ்சள் மணல்மீன் ஒன்றை வாங்கி, மணலை ஆழமாகப் போடட்டும். ஃபோர்மோசாவைப் பார்க்க விரும்புபவருக்குத் திருகோணமலைக் கடல் இருக்கிறது. அதுவும் போதாதென்றால் பென்னற்றின் படம் இருக்கிறது. சாயம் இன்னும் மங்கவில்லை.